முதலில் இலை, அப்புறம் மொந்தை

நாமக்கல்லைத் தாண்டி எருமப்பட்டி போகிற ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் இருந்தது ஒரு கோழிப்பண்ணை. அதுவரை அங்கே எச்சம் அள்ளிக்கொண்டிருந்தேன். முதலாளியோடு சண்டை எதுவும் இல்லை. காலையில் எழுந்தேன், பையை எடுத்தேன், நடந்துவிட்டேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதும் அப்படித்தான். எடப்பாடியில் தறி ஓட்டியதையும் ராசிபுரத்தில் நெய் டின் சுமந்ததையும் விட்டதும் அப்படித்தான். ஓர் இடத்தில் நாலு பேர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டால் எனக்குக் கால் அரிக்கும்.

முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் கள் ஒரு வசதி. சோற்றைவிட மலிவு. வயிற்றை நிரப்பும், வயிறு என்று ஒன்று இருப்பதையும் மறக்கடிக்கும். கள்ளுக்கடைகளை அரசாங்கம் மறுபடியும் திறந்துவிட்டிருந்த எண்பதுகளின் ஆரம்பம் அது. ரோட்டோரத்தில் ஒரு தென்னங்கீற்றுக் கொட்டகையும் அதிலிருந்து புகையும் தெரிந்தன. கள்ளுக்கடை என்றால் புளித்த வாசம்தான் முதலில் வரும். இங்கே கோழி வறுபடுகிற வாசம் வந்தது. தேங்காய்ப் பல்லும் வரமிளகாயும் எண்ணெயில் சிவக்கிற வாசம்.

வாசலில் பருத்த ஆள் ஒருவர் நின்றிருந்தார். தோளில் துண்டு, இடது கையில் ஒரு கட்டுத் தையல் இலை. கொல்லிமலையிலிருந்து வருகிற மந்தாரை இலை.

"ஒரு மொந்தைங்க" என்றேன்.

"சாப்ட்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க."

"என்னங்க சாப்ட்டீங்க?"

நான் புகை வந்த பக்கம் எட்டிப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

"பொய் சொல்றதுக்கும் வயித்துல எதாச்சும் இருக்கோணுமுங்க. உக்காருங்க சாமி."

"எனக்குக் கள்ளு மட்டும் போதுங்க."

"இங்க கள்ளு மட்டும் கெடைக்காதுங்க. அக்கட்டால கொஞ்சம் நடந்தீங்கன்னா இன்னொரு கடை இருக்குது. அங்க வெறும் வயித்துலயும் ஊத்துவாங்க."

நடக்கத் தெம்பில்லை. உட்கார்ந்தேன். கம்மஞ்சோறும் கொள்ளுப் பருப்பும் ஒரு கரண்டி குடல் கறியும் இலையில் விழுந்தன. நான் தின்று முடிக்கும்வரை மொந்தை வரவில்லை. முடித்ததும் அவர் குனிந்து இலையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பிறகு கொட்டகையின் அந்தப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"மாப்ளே, இவருக்கு ஊத்தலாம்."

அவருடைய கடையின் சட்டம் அதுதான். முதல் மொந்தைக்கு முன்னால் ஓர் இலை. இரண்டாவது மொந்தை வேண்டுமென்றால் இரண்டாவது இலை. அது பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பிடி சுண்டலோ, இரண்டு துண்டு கெண்டை மீனோ போதும். ஆனால் இலை காலியாக வேண்டும்.

குடித்துவிட்டு எழும்போது என் இலையோடு பக்கத்தில் கிடந்த இரண்டையும் சேர்த்து எடுத்தேன். கோழிப்பண்ணைப் பழக்கம், கீழே கிடப்பதை அள்ளாமல் நகர முடியாது. அதைப் பார்த்துவிட்டு, வேலை வேண்டுமா என்று கேட்டார். அந்த வருஷத்து மழைக்காலம் வரைக்கும் அங்கேயே இருந்தேன். எனக்கு அது நீண்ட காலம்.

என் வேலை இலை எடுப்பது. அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். இலையை மடித்து எடுக்கக் கூடாது. விரித்தபடியே அவர் நிற்கிற இடம் வழியாகக் கொண்டுபோய், அவர் ஒரு பார்வை பார்த்த பிறகுதான் குழியில் போட வேண்டும். சோளக்கொல்லையில் பூச்சி பார்க்கிற குடியானவன் மாதிரி பார்ப்பார்.

"தூணோரம் இருக்கறவருக்குப் பல்லு வலி. எலும்பெல்லாம் கடிக்காமக் கெடக்குது பாரு. அடுத்த எலைக்கு ரத்தப் பொரியல் வையி."

"இது யாருது? கறிய ஒதுக்கியிருக்காரு. கோயிலுக்கு வேண்டியிருப்பாரு, வாயத் தொறந்து சொல்ல வெக்கம். பயிறு போடு."

பத்தில் எட்டு சரியாக இருக்கும். குடிக்க வருகிறவர்களுக்கு அது ஒரு வேடிக்கை.

"பரீட்சைப் பேப்பர் திருத்தறாருப்பா வாத்தியாரு" என்பார் ஒரு லாரி டிரைவர். "எனக்கு எத்தன மார்க்குங்க?"

"ஓரத்துல கொள்ளு கெடக்குது. பெயிலுங்க."

"அட, அந்தக் கொள்ளத் தின்னுட்டு வாரேன், ஒரு மொந்தைக்குப் பாஸ் போடுங்க!"

சிரித்துக்கொண்டே தின்பார்கள். அந்தக் கடையில் விழுந்து கிடந்தவனை நான் பார்த்ததில்லை. பெண்கள்கூட வாசலில் பாத்திரத்தோடு வந்து குழம்பு வாங்கிப் போவார்கள். கள்ளுக்கடையில் குழம்பு வாங்குவது வேறெங்கும் நடக்குமா என்று தெரியவில்லை.

அவர் கள்ளைத் தொடமாட்டார். வாசம் ஒத்துக்கொள்ளாது என்பார். "கல்யாணம் பண்ணிப்போட்டுத் தனியாப் படுக்கற மாதிரியல்லங்க இருக்குது" என்று சீண்டுவார்கள். "நான் சோத்துக்காரனுங்க" என்பார். "கள்ளு மரத்துல எறங்குது. அதுக்கு நாம ஒண்ணும் பண்ணலை. சோறு மட்டுந்தானுங்க நாம பண்றது."

அந்தச் சோற்றைப் பண்ணியது அவர் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். மெலிந்த உடம்பு, குரல் மட்டும் கனம். கொட்டகையின் பின்பாதி முழுக்க அவளுடைய அடுப்புகள். குடிக்கிற பக்கம் அவள் வந்ததே இல்லை. கள் ஊற்றுகிற பக்கம் அவளுடைய தம்பி செங்கோடன். ஏலத்தில் கடையை எடுத்தது அவன் பெயரில். ஆக, லைசென்ஸ் தம்பியுடையது, அடுப்பு அக்காளுடையது. நடுவில் இலைக்கட்டோடு நின்ற அவருக்கென்று அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் எல்லோரும் கடைக்காரர் என்று கூப்பிட்டது அவரைத்தான்.

அவர்மேல் எனக்குப் பிரியம் இருந்தது. கூடவே ஒரு சங்கடமும். அதற்குக் காரணம் ஓர் ஈரல் துண்டு.

வெயில் காலத்தில் ஒரு நாள் கல்லுடைக்கிற ஆள் ஒருவர் வந்தார். ஒல்லியாக, பேசாதவராக இருந்தார். ஈரல் வறுவல் கேட்டார். கொஞ்ச நேரத்தில் இலை காலி. நான் எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் பார்த்தார், நிறுத்தினார்.

"இது தின்ன எலை இல்லியே" என்றார் சத்தமாக. "ஈரல் தின்னா எண்ணெ நாலு பக்கமும் இழுவியிருக்கும். இது வெச்ச எடத்துலயே நிக்குது. எங்கீங்க போச்சு ஈரலு?"

கொட்டகை முழுக்கத் திரும்பியது. அந்த ஆள் மடியை இறுகப் பிடித்துக்கொண்டார். வேட்டி மடிப்பில் எண்ணெய்க் கறை ஊறிக்கொண்டிருந்தது. வீட்டில் யாருக்கோ எடுத்து வைத்திருக்கிறார் என்று எனக்கே புரிந்துவிட்டது. கடைக்காரருக்கும் புரிந்திருக்கும், ஒரு நிமிஷம் கழித்து. "அட, கேட்டிருந்தா நானே கட்டிக் குடுத்திருப்பனுங்க" என்று இன்னொரு இலையில் ஈரலை அள்ளி மடித்துக்கொண்டு ஓடினார். அதற்குள் அந்த ஆள் மடியிலிருந்ததை எடுத்துப் பலகைமேல் வைத்துவிட்டு ரோட்டில் இறங்கிவிட்டார். அப்புறம் வரவே இல்லை.

அன்று சாயங்காலம் பின்பக்கத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"எலையப் பாத்தீங்க, செரி. அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தீங்களா?"

"எலை பொய் சொல்லாது அம்மிணி."

"மூஞ்சி சொல்லுமாக்கும்?"

அவர் மறுநாளைக்கு வேண்டிய இலையை எண்ண ஆரம்பித்தார். எதிர்த்துப் பேசமாட்டார் அவளை. ஆனால் மாறவும் மாட்டார்.

முதல் நாள் அவர் சொன்ன அந்த இன்னொரு கடை, வெறும் வயிற்றில் ஊற்றுகிற கடை, அந்த வருஷம் கூட்டம் சேர்க்க ஆரம்பித்தது. அங்கே ஒரு மொந்தையிலேயே ஏறுகிறது என்று பேச்சு. லாரிக்காரர்களில் பாதிப்பேர் எங்களைத் தாண்டி அங்கே போனார்கள். "உங்க கடைக்கு வந்தா வயிறு நெறையுது, மண்டை நெறைய மாட்டேங்குது" என்று ஒருவர் செங்கோடனிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனார். செங்கோடன் கெட்டவன் இல்லை. சிரித்துப் பேசுகிறவன், எனக்குப் பழைய சட்டை இரண்டு கொடுத்தவன். ஆனால் அடுத்த ஏலத்துக்கு முன்னால் கடை படுத்துவிட்டால் அவன் பெயர்தான் கெடும்.

பிறகு கூட்டம் திரும்பி வந்தது. ஏன் வந்தது என்று நான் யோசிக்கவில்லை. வேலை கூடியது, அவ்வளவுதான் தெரியும்.

கூட்டம் வந்தது, ஆனால் இலைகள் காலியாகவில்லை.

முதல் இலை ஒழுங்காக இருக்கும். இரண்டாவதோ மூன்றாவதோ பாதியில் திரும்பும். கோழித் துண்டு அப்படியே கிடக்கும். களியில் விரல் பட்ட தடம் மட்டும் இருக்கும். சட்டப்படி அவர்களுக்கு அடுத்த மொந்தை கிடையாது. ஆனால் அடுத்த மொந்தை அவர்களுக்குத் தேவையாகவும் இல்லை. எழுந்து தள்ளாடிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் புளியமரத்தடியில் படுத்துவிட்டார்கள். கடைக்காரர் படுத்தவர்களைப் பார்க்கவில்லை. நான் சுமந்து போன இலைகளைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிவிட்டது.

அவர் எடுத்த முடிவு, சமையலில் ஏதோ கோளாறு என்பது.

வேறு எவனாக இருந்தாலும் கள்ளைச் சந்தேகப்பட்டிருப்பான். வாழ்நாளில் கள்ளை நாக்கில் வைத்திராத மனிதருக்கு அந்தத் திசையில் புத்தி போகவில்லை. இலையில் சோறு மிஞ்சினால் சோறு சரியில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே கணக்கு.

அடுப்படிக்குப் போய்க் கரண்டி கரண்டியாக ருசி பார்த்தார். "உப்புக் கம்மியோ?" என்றார். மறுநாள், "மொளகா பழசா?" கறிக்கடையை மாற்றினார். எண்ணெய் வாங்குகிற செக்கை மாற்றினார். அக்கா எதற்கும் எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. கனத்த குரல்காரி, ஈரலுக்காக அவரை அந்த வாங்கு வாங்கியவள், இப்போது தலை குனிந்து இரண்டாம் தடவை மசாலா அரைத்தாள். ஒரு நாள் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். புகை என்றாள். அடுப்பு அப்போது எரியவே இல்லை.

அந்த அடுப்பு அவளுடைய கையால் பூசியது. குழந்தை இல்லாத வீடு அது. ஊர்ப் பெண்கள் அவளிடம் வேறு எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் குழந்தைப் பேச்சில் போய் நிற்பார்கள், குழம்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் நிற்கமாட்டார்கள். இதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள், சாதாரணமாக, வெங்காயம் உரித்துக்கொண்டே.

மழை பிடிப்பதற்கு முந்தின வாரம், கடையில் நல்ல கூட்டமாக இருந்த ஒரு மதியம், அவர் அடுப்படி வாசலில் நின்று சொன்னார்.

"அம்மிணி, நாமக்கல்லு ஓட்டல்ல ஒரு மாஸ்டர் இருக்காராம். நாளையிலருந்து வரச் சொல்லியிருக்கேன். நீ கொஞ்ச நாளைக்கு ஊட்ல இரு."

கரண்டிச் சத்தம் நின்றது. நான் கையில் இலையோடு அப்படியே நின்றேன்.

அக்கா வெளியே வந்தாள். அடுப்படி வாசலைத் தாண்டி, குடிக்கிறவர்கள் உட்கார்ந்திருந்த பலகைகளுக்கு நடுவில் வந்து நின்றாள்.

"மாஸ்டர் வரட்டும்" என்றாள். "அதுக்கு முந்தி நீங்க ஒரு மொந்தை குடிங்க. குடிச்சுப்போட்டு என்ற சோத்தத் தின்னு பாருங்க."

"நான் எதுக்கு அம்மிணி..."

"அக்கா, சும்மா இரு. ஆளுக இருக்கறாங்க" என்றான் செங்கோடன், பானைகளுக்குப் பின்னாலிருந்து.

"நீ சும்மா இருடா. ஊத்து."

அவர் அவளையும் மச்சினனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அருகிலிருந்த பலகையில் உட்கார்ந்து என்னிடம், "எலை போடு" என்றார். தன் சட்டத்தைத் தனக்கே வைத்தார். முதலில் ஓர் இலை தின்றார், எப்போதும் போல வேகமாக, துடைத்த மாதிரி. மொந்தை வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். கடைசி வாயில் குமட்டியது. யாரோ சிரித்தார்கள். "நம்ம ஆளு வயசுக்கு வந்துட்டாரப்பா" என்றார் அந்த லாரி டிரைவர்.

காத்திருந்தோம். கழுத்து வியர்த்தது அவருக்கு. கண் சிவந்து, இமை கனத்தது.

"இன்னொரு எலை."

அக்காவே பரிமாறினாள். கோழி வறுவல். அவர் மூன்று இலை தின்கிற மனிதர். கறியை எடுத்து வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். விழுங்க முடியவில்லை. இன்னொரு துண்டை எடுத்தார், உதடு வரை கொண்டுபோய் மறுபடியும் இலையில் வைத்தார்.

"ஒண்ணுமே தெரியலை அம்மிணி. உப்பும் தெரியலை, ஒறப்பும் தெரியலை."

"வந்தவங்க அத்தன பேருக்கும் இப்பிடித்தானுங்க இருந்திருக்கும்."

செங்கோடன் எழுந்து வந்தான். "போதை ஏறறதுக்கு மருந்து கொஞ்சந்தானுங்க மாமா கலந்தேன். அந்தக் கடையில அத்தனை போடறான். நாம போடலீன்னா கடை இருக்காது. கடை போச்சுன்னா மூணு பேரும் எங்க போறது?"

மருந்து என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் மொந்தையைக் கீழே வைத்தார்கள். சிலர் வைக்கவில்லை. அவர் மச்சினனைத் திட்டவில்லை. மனைவி பக்கம் திரும்பினார். நாக்கு குழறியது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆரம்பத்துலயே. வெடியக்கருக்கல்ல கலக்கும்போது பாத்தேன். கடையக் காப்பாத்தோணும், சொல்லாதீன்னான்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீங்க எங்கிட்ட எங்கீங்க கேட்டீங்க? எலைகிட்டயல்ல கேட்டீங்க."

அவருக்கு முன்னால் முழுசாக ஓர் இலை கிடந்தது. எடுக்கக் குனிந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் ஓர் இலையை அவர் பார்த்து நான் பார்த்ததில்லை.

"மாப்ளே" என்றார் கடைசியில். "நீ சொல்றதும் ஞாயந்தான். இந்தக் கள்ளுக்கு எங்க சோறு வேண்டீதில்லை."

அதற்குள் அக்கா உள்ளே போய்விட்டாள். தண்ணீர் கொட்டுகிற சத்தமும் அடுப்பு சீறுகிற சத்தமும் கேட்டன. ஒவ்வோர் அடுப்பாக அணைத்தாள். சாம்பலும் ஆவியும் கொட்டகை முழுக்க வந்து, குடித்துக்கொண்டிருந்தவர்கள் இருமினார்கள். இரண்டு பெரிய சட்டிகளையும் கரண்டிகளையும் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தம்பியின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். அவன் தலையைத் தூக்கவில்லை.

"ஒறம்பரைன்னு, தம்பின்னு வந்தீன்னா சோறு போடறேன்" என்றாள். "கடைக்காரன்னு வராத."

மோகனூரில் ஆற்றோரம் அவருடைய சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அங்கே போவதாகச் சொன்னாள். அவருக்கு நிற்க முடியவில்லை. சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுப்பகலில், நடுரோட்டில், புருஷன் கையைப் பெண்டாட்டி பிடித்துக்கொண்டு போவதை அந்தப் பக்கத்தில் அப்போது யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். எதிரே சைக்கிளில் வந்தவன் இறங்கி நின்று பார்த்தான். "கடைக்காரரே குடிச்சுப்போட்டாரு டோய்!" என்று கத்தினான். அவர் திரும்பி அவனைப் பார்த்து, குழந்தை மாதிரி தலையாட்டினார். ஆமாம் என்கிற மாதிரி. பிறகு நின்று, அவள் முகத்தைப் பார்த்து என்னவோ கேட்டார். காதில் விழவில்லை. அவள் பதில் சொன்னாள். அவர் மறுபடியும் எதையோ கேட்டார். பஸ் வருகிற வரைக்கும் அவர் கேட்டுக்கொண்டும் அவள் சொல்லிக்கொண்டும் இருந்தார்கள்.

நான் அவர்களை அப்புறம் பார்க்கவில்லை. மோகனூரில் சோற்றுக்கடை போட்டதாக ஒருவர் சொன்னார், இல்லை என்று இன்னொருவர் சொன்னார். போய்ப் பார்த்திருக்கலாம். நான் திரும்பிப் போய்ப் பார்க்கிற ஜாதி இல்லை.

செங்கோடன் அன்று சாயங்காலமே எருமப்பட்டிக்குப் போய், ஊறுகாயும் பாக்கெட் மிக்சரும் வாங்கி வந்து சரம் சரமாகத் தொங்கவிட்டான். இலை தேவையில்லை. இலை எடுக்கிற ஆளும் தேவையில்லை. அவன் அதைச் சொல்லத் தயங்கினான். நானே பையை எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை, ரோட்டோரம் ஒரு ரிக் லாரி நின்றிருந்தது. போர் போடுகிற வண்டி, திருச்செங்கோட்டுக்காரர்களுடையது. வடக்கே போகிறார்கள், திரும்பி வர மாதக் கணக்காகும். கூட வருவதாக இருந்த சமையல்காரன் வரவில்லை என்று டிரில்லர் பல்குச்சியோடு நின்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

"நான் வாரனுங்க" என்றேன்.

"சமைப்பியா?"

"கம்மஞ்சோறு, கொள்ளு, கோழி வறுவல். பாத்திருக்கேனுங்க."

"பாத்திருக்கியா, சமைச்சிருக்கியா?"

"பாத்திருக்கேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேறு ஆள் இல்லை. "நல்லா இருக்குமா?" என்றார்.

"தின்னு பாத்துச் சொல்லுங்க. நல்லா இல்லீன்னா வாயத் தொறந்து சொல்லிப்போடுங்க. நானும் கேப்பனுங்க."

"இதென்றா புதுசா இருக்குது" என்று சிரித்து, பல்குச்சியைத் துப்பிவிட்டு, ஒரு குடத்தை என்னிடம் நீட்டினார். கிணறு வயலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. தண்ணீர் எடுக்கப் போனேன்.